குந்திரிக்க எண்ணெயும் வெள்ளைப்போள எண்ணெயும் தோலுக்கு உண்மையில் என்ன செய்கின்றன?

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக முகத்தோல் வறண்டு, கண்ணோரம் மெல்லிய கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன. குந்திரிக்க (ஃபிராங்கின்சென்ஸ்) எண்ணெய் தடவினால் சுருக்கம் போகும், தழும்பு மறையும், வெள்ளைப்போள (மிர்) எண்ணெய் வெடிப்பை ஆற்றும் என்று எங்கே தேடினாலும் வருகிறது. சரி என்று ஒரு சிறு குப்பி குந்திரிக்க எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். லேபிளில் "நூறு சதவீதம் சுத்தம்" என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. அப்படியே தடவலாமா, எதிலாவது கலக்க வேண்டுமா? ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழம்பாதை:
ஏதோ இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். எகிப்தில் ஹட்செப்சுட் அரசி பொ.ஆ.மு. 15ஆம் நூற்றாண்டில் புண்ட் நாட்டுக்குக் கப்பல்கள் அனுப்பி, வாசனைப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவரச் செய்தார். அந்தக் காட்சி டெய்ர் எல் பஹ்ரி கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. பிசினை வாங்கினால் போதாது, மரமே வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அதன்மேல் மதிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எகிப்தின் சக்காராவில் பிணப்பதனம் செய்யும் பட்டறை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே கிடைத்த பானைகளில் ஒட்டியிருந்த படிவுகளை ஆய்ந்த முடிவு 2023இல் வெளியானது. பானைகளின் மேலேயே "தலைக்கு இட", "வாடையை இனிதாக்க" என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். தலைக்கு உரியவற்றில் பிஸ்தா இனத்து மரப் பிசினும் ஆமணக்கெண்ணெயும் இருந்தன. எலெமி, டாமர் என்ற பிசின்களும் கிடைத்தன. டாமர் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் ஊறுவது. அவ்வளவு தூரத்திலிருந்து தருவித்து, எந்தப் பிசினை உடம்பின் எந்தப் பாகத்தில் இடுவது என்று பிரித்து வைத்திருந்தார்கள். கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் தோலைக் காக்க எது உதவும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட அறிவு அது.

செவிலி_கா:
பழம்பாதை, படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் அங்கே காப்பாற்றியது உயிரில்லாத தோலை. மழைத்துளி கேட்பது தினமும் வெயில் பட்டு, வேர்த்து, புதுப்பித்துக்கொண்டே இருக்கும் முகத்தோலைப் பற்றி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

மழைத்துளி, இப்போதைக்கு ஒன்றே ஒன்று. அந்தக் குப்பியிலிருந்து நேராக முகத்தில் வைத்துவிடாதீர்கள். செறிந்த எண்ணெயைத் தோலில் அப்படியே தடவிப் பழகினால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடும். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். அப்புறம் அதே வேதிப்பொருள் கலந்த வேறு கிரீம் போட்டாலும் அரிக்கும்.

வாலைவடி:
நான் வாசனைப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது, அதை விரிவாகவே எழுதுகிறேன்.

குந்திரிக்கம் என்பது ஒரே பொருள் இல்லை. மரத்திலிருந்து கசிந்து இறுகிய அந்தக் கட்டிக்குள் மூன்று பாகம் உண்டு. ஒன்று ஆவியாகும் வாசனை எண்ணெய், எடையில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டாவது பிசின், அதுதான் பெரும்பங்கு. மூன்றாவது தண்ணீரில் ஊறும் கோந்து. அழற்சியைக் குறைக்கும் என்று நீங்கள் படித்திருக்கும் பாஸ்வெல்லிக் அமிலங்கள் எல்லாம் இரண்டாவது பாகத்தில் இருக்கின்றன.

வாலையில், அதாவது எண்ணெய் வடிக்கும் கலத்தில், பிசினைப் போட்டு நீராவி விட்டால், ஆவியோடு ஏறி வரக்கூடிய இலேசான மூலக்கூறுகள் மட்டும் வடிந்து வரும். வாசனைப் பொருளான ஆல்ஃபா பைனீனின் மூலக்கூறு எடை 136. லிமோனீனும் அதே 136. பாஸ்வெல்லிக் அமிலம் 456. அது ஏறாது, வாலையின் அடியில் கரும்பழுப்புக் கசண்டாகத் தங்கிவிடும். ஆக, உங்கள் குப்பியில் இருப்பது மரத்தின் வாசனை. மருந்துக் குணம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி வாலைக்குள்ளேயே நின்றுபோனது.

தோலுக்கு உருப்படியாக நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2010இல் இத்தாலியில் வெயிலால் மூப்படைந்த முகத்தோல் உள்ள 15 பெண்களிடம் செய்தார்கள். முகத்தின் ஒரு பாதியில் 0.5 சதவீதம் பாஸ்வெல்லிக் அமிலம் சேர்த்த கிரீம், மறு பாதியில் வெறும் கிரீம், 30 நாள். அமிலம் சேர்த்த பக்கத்தில் சொரசொரப்பும் மெல்லிய கோடுகளும் குறைந்தன, தோலின் நெகிழ்வு கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒழுங்காகச் செய்தது. எண்ணெய் விற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதும் இதைத்தான். அந்தக் கிரீமில் இருந்ததோ வாலையில் வராத பொருள்.

மழைத்துளி:
வாலைவடி, இதை எங்குமே இப்படி யாரும் சொல்லவில்லை. அப்படியானால் நான் வாங்கிய எண்ணெய் எதற்கும் ஆகாதா?

வாலைவடி:
ஆகாது என்று சொல்லவில்லை. பைனீன் போன்றவற்றுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் ஆய்வுக்கூடத் தட்டில் தெரிகிறது. மணம் மனதை இளக்கும், இரவில் முகத்தை நீவிவிடும் சில நிமிடங்களுக்கே அது தனிச் சுகம் தரும். இவையெல்லாம் உண்மையான பயன்கள். கோடு அழியும், தழும்பு கரையும் என்ற வாக்குறுதிக்கு மட்டும் அந்தக் குப்பியைப் பொறுப்பாக்காதீர்கள்.

மூலிகைக்கொடி:
வாலைவடி சொன்னதைக் கேட்டபோது பழைய செய்முறைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று இன்னும் தெளிவாகப் புரிகிறது. நான் சித்த மருத்துவம் படிக்கிறவள். எங்கள் மருந்துகளில் பிசினை வாலையில் வடித்துத் தோலில் போடுவது பெரிய வழக்கமாக இல்லை. கொழுப்பில் கரைத்துத்தான் போடுவார்கள்.

குங்கிலிய வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். சால மரத்துக் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் உருக்கி, வடிகட்டி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கடைந்து கழுவ வேண்டும். முதலில் மஞ்சளும் கலங்கலுமாகத்தான் இருக்கும். கழுவக் கழுவக் கனம் குறைந்து வெள்ளையாகத் திரண்டுவிடும். விரலில் எடுத்தால் குளிர்ச்சியாக, தோலில் இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். தீப்புண்ணுக்கும் எரிச்சலுக்கும் மேற்பூச்சாகச் சொல்லப்படுவது. அந்தக் குளிர்ச்சியில் பாதி தண்ணீரும் எண்ணெயும் பிணைந்து நிற்பதால் வருவது, இன்றைய கிரீமும் அப்படிப்பட்ட கலவைதான். பிசின் முழுசாக அதற்குள் இருக்கிறது என்பது முக்கியம்.

எனவே "ஆயிரக்கணக்கான வருடப் பயன்பாடு" என்பதை இந்தச் சிறு குப்பிகளின் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. முன்னோர் பயன்படுத்தியது புகையை, பொடியை, எண்ணெயில் ஊறவைத்த பிசினை, மெழுகோடு உருக்கிய களிம்பை.

சோப்புக்கட்டி:
மூலிகைக்கொடி சொன்ன வழியை ஒட்டி நான் செய்வதை எழுதுகிறேன். சோப்பும் தைலமும் செய்து பழகியவள். இது மருந்து இல்லை, சாதாரணத் தோல் பராமரிப்புக்கான ஊறல் எண்ணெய்.

பிசின் துளிகளை முதலில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சாதாரணச் சூட்டில் இடித்தால் உரலிலும் குழவியிலும் அப்பிக்கொண்டு விடவே விடாது. உறைந்திருக்கும்போது இடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். ரொம்ப நேரம் இடிக்கக் கூடாது, உராய்வுச் சூட்டிலேயே மறுபடி இளகத் தொடங்கிவிடும். பொடியை ஒரு பங்கு எடுத்தால் ஹோஹோபா எண்ணெயோ நல்லெண்ணெயோ ஐந்து பங்கு. கண்ணாடிச் சாடியில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சாடியை நிறுத்தி, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைக்க வேண்டும். அவ்வப்போது மரக்குச்சியால் கிளறினால் அடியில் ஒட்டாது.

நேரம் ஆக ஆக எண்ணெய் தேன் நிறத்துக்கு வரும். அடியில் வெளிறிய சேறு மாதிரி ஒன்று தங்கும், அதுதான் வாலைவடி சொன்ன கோந்து. எண்ணெயில் கரையாது, கரைக்கவும் முயல வேண்டாம். சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள், ஆறினால் கெட்டிப்பட்டுத் துணியில் இறங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சாடிக்குள் விழக் கூடாது. வெந்நீரின் ஆவி மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து எண்ணெயில் சொட்டும், அங்கேதான் பலருடைய எண்ணெய் கெட்டுப்போகிறது. மூடிக்குப் பதில் காய்ந்த துணியைக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வாலைவடி:
நல்ல முறை. பாஸ்வெல்லிக் அமிலங்கள் கொழுப்பில் கரையும் வகை, அதனால் ஓரளவு எண்ணெயில் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பது பிசினைப் பொறுத்து மாறும், வீட்டில் அளக்க வழியில்லை. அந்த ஆய்வின் 0.5 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று, எந்த மரத்துப் பிசின் என்று பார்த்து வாங்குங்கள். பாஸ்வெல்லியா சாக்ரா ஓமன், ஏமன், சோமாலியாப் பக்கம். பாஸ்வெல்லியா செராட்டா இந்தியாவில். பாப்பிரிஃபெரா எத்தியோப்பியா, சூடான் பக்கம். இவற்றிலெல்லாம் பாஸ்வெல்லிக் அமிலம் உண்டு. சோமாலியாவில் மென்று சுவைக்கப் பயன்படும் ஃப்ரெரியானா என்ற வகையில் அந்த அமிலமே இல்லை, அதன் வேதிப்பொருள்கள் வேறு. கடைப் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும். தாவரப் பெயர் போடாத லேபிளை நான் நம்புவதில்லை.

பழம்பாதை:
ஓமனின் தோஃபார் பகுதியில் மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கும் விதத்தையும் சேர்த்துவிடுகிறேன், தரம் எங்கிருந்து வருகிறது என்பது அதில் விளங்கும். சிறு கத்தியால் பட்டையை மேலாகச் சீவிவிடுவார்கள். பால்போல் கசிந்து, காற்றில் இறுகித் துளிகளாக நிற்கும். முதல் கீறலில் வருவதற்கு மதிப்புக் குறைவு. ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டு அதே இடத்தை மறுபடி சீவ வேண்டும், அடுத்தடுத்து வருவதுதான் நல்ல சரக்கு. மலைக்குப் பின்னால் மழைக்காற்று எட்டாத வறண்ட பக்கத்தில் விளையும் ஹோஜாரி வகைக்குத்தான் அங்கே முதலிடம். வெளிர் பச்சை கலந்த வெள்ளையில், வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். அந்தப் பிசின் நிலப்பகுதியை 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மஞ்சநத்தி:
வெள்ளைப்போளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குக் குதிகால் வெடிப்பு உண்டு. அதற்காக வாங்கிய எண்ணெய்க் குப்பியின் மூடி இறுகி, திறக்கவே முடியவில்லை. கழுத்தில் பழுப்பாகக் கோந்து மாதிரி படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

வாலைவடி:
வெள்ளைப்போள எண்ணெயின் சுபாவம் அது. காற்றுப் பட்டால் தானே தடித்துப் பிசினாக மாறும். மூடியை வெந்நீரில் கொஞ்ச நேரம் கவிழ்த்துப் பிடித்துத் திறந்து, வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூட வேண்டும். உள்ளே இருப்பதும் பாகுபோல் ஆகி வாசனை புளித்திருந்தால் தோலுக்கு வேண்டாம்.

அதன் வேதியியல் தனி. ஃபுரான் வகைச் செஸ்கிடெர்பீன்கள் என்ற வாசனை மூலக்கூறுகள் இருக்கின்றன, அவை வாலையில் ஏறி வரும். அவற்றில் சில எலிகளில் வலியைக் குறைத்தன என்று 1996இல் நேச்சர் இதழில் வந்தது. எலிக்கு நடந்ததைக் குதிகால் வெடிப்புக்கு நீட்ட மாட்டேன்.

செவிலி_கா:
வெள்ளைப்போளத்தின் மரபுப் பயனில் கொஞ்சம் உறுதியான இடம் வாய்ப்புண்ணும் ஈறு அழற்சியும். சாராயத்தில் கரைத்த டிங்ச்சரை நீர்க்கச் செய்து கொப்பளிப்பது, சிறு காயத்துக்கும் சிறு சீழ்க்கட்டிக்கும் தொட்டு வைப்பது. ஐரோப்பிய மருந்து முகமை இந்த இரண்டையும் மரபுப் பயன்பாடு என்று ஏற்றிருக்கிறது. நீண்ட காலப் பழக்கத்தை வைத்துத் தந்த ஏற்பு அது, சோதனைகளால் நிறுவப்பட்டது என்று பொருளில்லை. கிரேக்கக் கியோஸ் தீவின் மாஸ்டிக் பிசினுக்கும் அதே மாதிரி, தோலின் சிறு அழற்சிக்கும் சிறு காயத்துக்கும் ஏற்பு உண்டு. அங்கேயும் பேச்சு பிசினைப் பற்றித்தான்.

மஞ்சநத்தி, குதிகால் வெடிப்புக்கு முதலில் யூரியா கலந்த கிரீமோ வாசலினோ போட்டு இரவில் சாக்ஸ் அணியுங்கள். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் காலில் சோதனை முயற்சியே கூடாது, நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வாமைக்காரி:
நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்குச் சாம்பிராணிப் பிசின் (பென்சாயின், குந்திரிக்கம் வேறு) ஒத்துக்கொள்ளாது. பெரு பால்சம் என்ற மரப்பிசினும் அப்படித்தான். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தபோது தெரிந்தது. அறுவைக்குப் பிறகு பிளாஸ்டர் நன்றாக ஒட்டட்டும் என்று சாம்பிராணி டிங்ச்சர் தடவுவார்களே, அது பட்ட சதுரம் அப்படியே சிவந்து நீர்க்கொப்புளமாக எழும்பியது. தையல் போட்ட இடம் நன்றாகவே இருந்தது, அதைச் சுற்றித்தான் எரிச்சல் எல்லாம்.

இயற்கையானது என்பதால் தோல் சும்மா விட்டுவிடாது. பெரு பால்சமைப் பல நாடுகளில் ஒவ்வாமைச் சோதனை வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள், வாசனைப் பொருள் ஒவ்வாமைக்கு அது ஓர் அடையாளம் என்பதால். பதப்படுத்தாத பெரு பால்சமை அழகுப் பொருள்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அதை இன்னும் "எல்லாத் தோலுக்கும் ஏற்ற இயற்கைத் தைலம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

வாலைவடி:
ஒவ்வாமைக்காரி சொன்னது அத்தனையும் சரி. சாம்பிராணியில் பென்சாயிக், சின்னமிக் அமிலங்களின் எஸ்டர்கள் நிறைய. தோலைத் தூண்டுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. சுமத்ரா வகை ஒரு மரம், லாவோஸ், வியட்நாம் பக்கத்து வகை இன்னொரு மரம். வெனிலா மணம் தூக்கலாக இருப்பது இரண்டாவது.

குந்திரிக்க எண்ணெய் புதிதாக இருக்கும்போது ஒப்பீட்டளவில் சாது. பழசானால் கதை மாறும். பைனீனும் லிமோனீனும் காற்றோடு சேர்ந்து பெராக்சைடுகளாகும், தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் இவைதான். நிறக் கண்ணாடிக் குப்பி, குளிர்ந்த இருட்டு இடம், இறுக்கிய மூடி. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு வருடம் தாண்டினால் முகத்துக்கு வேண்டாம்.

கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். குந்திரிக்க எண்ணெய் கிட்டத்தட்ட முழுதும் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள்போல் ஒளி ஊடுருவும் வட்டம் அப்படியே நின்றால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது. வெள்ளைப்போளத்துக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, அது சுத்தமாக இருந்தாலும் பிசுபிசுப்பு விடும்.

மழைத்துளி:
சரி, இவ்வளவும் படித்த பிறகு பயன்படுத்தத்தான் விருப்பம், ஆனால் அளவோடு. எவ்வளவு கலக்கலாம்? எப்படிச் சோதிப்பது?

செவிலி_கா:
முகத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். 30 மில்லி தாங்கி எண்ணெய்க்கு, அதாவது கலப்பதற்கான சாதாரண எண்ணெய்க்கு, சுமார் 6 சொட்டு. மென்மையான தோல் என்றால் 3 சொட்டே போதும். உடம்புக்கு இரண்டு சதவீதம் வரை. பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெயைத் தாங்கியாக எடுக்க வேண்டாம், துளைகளை அடைக்கும்.

கலந்ததை முழங்கையின் உள்மடிப்பில் ஒரு காசு அளவு இடத்தில் காலையும் மாலையும் தடவி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பாருங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. ஒவ்வாமை சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கர்ப்பிணிகள் வெள்ளைப்போளத்தைத் தவிர்க்கட்டும். கைக்குழந்தைக்கு எதையும் தடவ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மச்சம் பெரிதாகிறது, நிறம் மாறுகிறது, புண் ஆறாமல் நிற்கிறது என்றால் குந்திரிக்கம் போட்டுப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாதீர்கள். "புற்றைக் கரைக்கும் எண்ணெய்" என்று சுற்றும் செய்திகளுக்கு அடிப்படை ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த செல்கள். மனிதர் தோலில் அது நிரூபணமாகவில்லை. அதை நம்பி இழக்கும் மாதங்கள் திரும்பி வராது.

கானகன்:
வாங்குகிறவர்கள் மரத்தையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். எத்தியோப்பியா, சூடான், எரித்ரியா பகுதிகளின் பாப்பிரிஃபெரா காடுகளைப் பற்றி 2019இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பல காடுகளில் கிழட்டு மரங்கள் நிற்கின்றன, இளங்கன்றுகளே இல்லை. பல பத்தாண்டுகளாகப் புதிய மரம் எழும்பவில்லை. மேய்ச்சல், காட்டுத்தீ, ஓயாத கீறல் எல்லாம் சேர்ந்த வினை. இப்படியே போனால் இருபது ஆண்டுகளில் உற்பத்தி பாதியாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அளவுக்கு மீறிக் கீறிய மரத்தின் விதை சரியாக முளைப்பதும் இல்லை. பட்டையில் காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம் என்றால் வண்டும் உள்ளே போகும். ஒரு சிறு குப்பி எண்ணெய்க்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பிசின் தேவைப்படுகிறது. ஆகவே பிசினாக வாங்கி ஊறவைத்துப் பயன்படுத்துவது மரத்துக்கும் நல்லது, வாலைவடி சொன்ன கணக்குப்படி தோலுக்கும் நல்லது. மரத்துக்கு ஓய்வு கொடுத்து அறுவடை செய்கிறார்களா, யாரிடமிருந்து வருகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடிகிறவரிடம் வாங்குங்கள்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், வறட்சிக்குச் சாதாரண மாய்ஸ்சரைசர், இரவில் சோப்புக்கட்டி சொன்ன ஊறல் எண்ணெய் என்று தொடங்குகிறேன், அதையும் முதலில் முழங்கையில் சோதித்துவிட்டு. ஏற்கெனவே வாங்கிய குப்பியை என்ன செய்வது? குளிக்கும் தண்ணீரில் சில சொட்டு விடலாமா?

சோப்புக்கட்டி:
தண்ணீரில் நேராக விடாதீர்கள். கரையாது, மேலே மிதந்து வந்து தோலில் நீர்க்காமல் அப்படியே ஒட்டும், மென்மையான இடங்களில் சுரீரென்று எரியும். உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய் 50 மில்லியில் 10 சொட்டு கலந்து வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு சதவீதம்தான். குளித்துவிட்டு ஈரம் முழுசாகக் காய்வதற்கு முன் கைகாலில் தடவினால் வறட்சிக்கு இதம், மணமும் நிற்கும். கண்ணோரக் கோடுகளுக்கு மட்டும் இது வேண்டாம். இமைத்தோல் ரொம்ப மெலிசு, ஆவி கண்ணையும் கரிக்கும்.